நாளொரு சிற்றறிவு

நாடோறும் உலகியற் செய்தி ஒன்றனை அறிந்துகொள்ளுதல் உயிர்க்கு ஆக்கமாமோ, அன்றி வெறும் பொழுதுபோக்காய்க் கழியுமோ என்னும் வினா, பெரியதொரு வினாவாகப் பலர்க்குத் தோன்றாது. முப்பொருளியல்பும் முத்திநிலையும் ஆராயப்படும் இத்தாள்களில் இஃது எற்றுக்கு என்பாரும் உளராவர். ஆயினும், இவ்வினா எம் இல்லத்துத் திண்ணையிலேயே எழுந்து, எமது ஐம்பதாண்டுக் கல்வியை நிறுத்துப் பார்க்குமாறு செய்துவிட்டமையின், எம்மோடொத்த கல்வியினராகிய அன்பர்கள்முன் இதனை வைக்கத் துணிந்தேம். குற்றங் காண்பின் பொறுத்துத் திருத்துவாராக.

எம் மகள்வயிற்றுப் பேரன் பதினோராட்டைப் பிள்ளை. அவன் பயிலும் பள்ளியிற் காலை வழிபாடு முடிந்தபின் மாணவன் ஒருவன் எழுந்து பொதுஅறிவுச் செய்தி ஒன்று கூறுதல் வழக்கம். அதன்பொருட்டு அவன் ஒரு நோட்டுப்புத்தகத்தில் நாட்குறித்து, நாளொன்றுக்கு ஒன்றாகச் செய்திகளைத் தொகுத்து வருகின்றான். மாலையில் யாம் விளக்கேற்றித் திருநீறணிந்து திண்ணையில் அமர்ந்த அளவில், "தாத்தா, இன்றைக்கு ஒன்று சொல்லட்டுமா?" என்று வந்து நிற்பான். ஆக்டோபஸ் என்னும் கடலுயிர்க்கு இதயம் மூன்று என்பான். அதன் குருதியிற் செம்பு கலந்திருத்தலின் அது நீலநிறத்தது என்பான். வெள்ளிக்கோள் தன்னைத்தான் ஒருமுறை சுற்றுதற்கு 243 நாளும், ஞாயிற்றைச் சுற்றுதற்கு 225 நாளும் கொள்ளும் ஆதலின், ஆண்டொன்றற்குத் தான் ஒருமுறை முழுதுந் திரும்புதற்கும் அதற்குக் காலம் போதாது என்று சொல்லி நகைப்பான். யாமும் வியந்து கேட்போம். மறுநாள் வேறொன்று வரும்.

இவ்வழக்கம் புதிதன்று. சென்னை வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் அவர்கள் 'இன்று ஒரு தகவல்' என்னும் பெயரால் காலைப்பொழுதிற் பேசிவந்ததனை நம்மிற் பலர் செவிமடுத்திருப்போம். 2009-ஆம் ஆண்டில் அவர் மறைந்தனர். அக்குரல் இன்னும் காதில் நிற்கின்றது. சிறியதொரு செய்தியை எடுத்து, கதையொடு கூட்டி, நகைச்சுவை ஒன்றுடன் முடித்தல் அவரது முறை. யாம் அதனை இழிவாக ஒருநாளும் நினைந்ததில்லை. இக்காலத்திலோ, கைப்பேசியில் விடியுமுன்னரே நாளொரு செய்தி கேளாமல் வந்து நிற்கின்றது. அதிற் குரலும் இல்லை, கதையும் இல்லை.

எம் தெருவில் நண்பர் ஒருவர் உளர். எம்மோடு ஒரே ஆசிரியர்பாற் சித்தாந்த சாத்திரங்களைப் பாடங் கேட்டவர். வாதத்தில் எம்மினும் வல்லவர். பேரன் கூறுவதனை ஒருநாள் அவர் கேட்டிருந்து, அவன் உள்ளே சென்றபின் எம்மைக் கடிந்தனர். "கடலுயிர்க்கு இதயம் மூன்றாயினென், முப்பதாயினென்? இது சுட்டுணர்வு. சுட்டியறியப்படுவன யாவும் அசத்து என்பது சிவஞானபோதத்து ஆறாஞ் சூத்திரங் கொண்டு நாம் கற்றதன்றோ? பாசஞானத்தை நாளொரு கைப்பிடியாகப் பிள்ளையின் மடியிற் கட்டுகின்றீர். அராகம் என்னுந் தத்துவம் பெற்றதனோடு அமையாது மேன்மேலும் அவாவுவிக்கும். நீர் அதற்கு எண்ணெய் வார்க்கின்றீர். பிள்ளைக்குத் திருமுறை ஒரு பாட்டு நாடோறும் சொல்லிக்கொடுத்தலாகாதோ?" என்பது அவர் கூற்றின் சாரம்.

இறுதியிற் கூறியது நல்லுரை. அதனை முன்னரே செய்து வருகின்றேம் என்று விடையிறுத்தேம். ஏனையவற்றிற்கு அப்பொழுது விடை கூறவில்லை. இப்பொழுது கூறுகின்றேம்.

அசத்து என்பதற்கு நம்மவர் கொண்ட பொருள் இன்மை அன்று, நிலையின்மை. உலகம் பொய்த்தோற்றம் என்பார் மதம் வேறு. மாயை உள்பொருள் என்றும், அதனினின்றும் உடல், கருவி, உலகம், நுகர்ச்சி என்பன உயிரின்பொருட்டு இறைவனால் தரப்பட்டன என்றுங் கொள்ளும் நம் மதம் வேறு. விடியுங்காறும் இருளில் வழிகாட்டும் விளக்குப்போல்வது மாயை என்று நம் ஆசிரியன்மார் உவமித்தனர். விளக்கு ஞாயிறாகாது என்பது மெய். அதனால் விளக்கை அவித்துவிட்டு இருளில் அமர்க என்று அவருள் ஒருவருங் கூறிற்றிலர். ஆணவத்தான் மறைப்புண்டு கேவலத்திற் கிடந்த உயிர்க்குக் கலை என்னுந் தத்துவம் தொழிலாற்றலையும், வித்தை அறிவாற்றலையும், அராகம் விழைவாற்றலையும் சிறிதே விளக்குகின்றன. அச் சிறிது விளங்குதல்தானும் திருவருளின் மறைப்பாற்றலால் நிகழ்வது. பிள்ளையொருவன் தான் காணாத கடலின் ஆழத்து உயிரொன்றன் குருதி நிறத்தை அறிந்து கண் விரிய நிற்குங்கால், அங்கே தொழிற்படுவதும் அவ்வித்தையே. அதனை வெறுத்தொதுக்குதற்கு எமக்கு அதிகாரம் யாது?

இன்னும் ஒன்று. நண்பரும் யாமும் கற்ற கல்வியின் தொடக்கம் எத்தகையது? சூடாமணி நிகண்டை மனப்பாடஞ் செய்தன்றோ தமிழுக்குள் நுழைந்தேம்? அந்நிகண்டின் பன்னிரண்டாந் தொகுதி, இன்னவை இத்துணை என்று எண்ணிக்கைப்படத் தொகுத்த பெயர்களின் கூட்டம். இக்காலத்தார் பொதுஅறிவு என்பதற்கு ஒப்பானது அதுவே. அதனை யாத்த மண்டலபுருடர் சமணர். எனினும் சைவர் அதனைத் தள்ளாது ஓதினர். ஆறுமுக நாவலர் அவர்கள் தாமே பரிசோதித்து அச்சிட்டனர். ஆகவே, சிறுசிறு செய்திகளை நாளொன்றாகச் சேர்த்தல் பாசத்தில் வீழ்த்தும் என்று நண்பர் கூறுவராயின், முதற்கண் வீழ்ந்தவர் நாமிருவருமே ஆவோம். அரசுப் பணித்தேர்வின்பொருட்டுப் பொதுஅறிவுப் புத்தகங்களை இரவெல்லாம் கண்விழித்துப் படிக்கும் ஏழை இளைஞரையும் யாம் அறிவோம். அவர் வீட்டில் உலையேற்றுவது அவ்வறிவு. அதனைப் பாசஞானம் என்று பழித்தல், உண்டு முடித்தவன் பசித்தவற்குப் பட்டினியின் பெருமை பேசுதல் போலும்.

இத்துணையும் கூறியதனால், நாளொரு செய்தி முற்றிலும் நன்றென்று யாம் கொண்டேமல்லேம். நண்பர் குற்றத்தைச் சுட்டிய இடம் பிழையேயன்றி, குற்றம் இல்லாமலில்லை.

ஞானத்தின் படிகளைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என நான்காக வகுத்தனர். உலகியற் கல்விக்கும் முதல் மூன்றும் ஒக்கும். நாளொரு செய்தி என்னும் ஏற்பாட்டில் நிகழ்வது யாது எனின், கேட்டல் நிகழ்கின்றது; சிந்தித்தற்குரிய பொழுது வருமுன்னரே மறுநாட் செய்தி வந்து முன்னையதனைத் தள்ளிவிடுகின்றது. உண்டது அறுமுன் மேலும் மேலும் உண்பான் நிலை இது. குற்றம் செய்தியின் சிறுமையில் இல்லை; சிந்தித்தலுக்கு இடங்கொடாத அடுத்தடுத்த வரவில் உளது. எம் கருத்திற் சொல்லப்புகின், நாளொன்று என்பது குறைவன்று, மிகை.

எம் ஆசிரியர் நிகண்டின் செய்யுள் நாளொன்றே தருவர். ஆயின், முன்னை நாட்களின் செய்யுட்களை ஒப்பித்தாலன்றிப் புதியது தாரார். பத்தாம் நாள் பத்தும் சொல்லவேண்டும். ஒருமுறை ஒரு சொல்லின் பொருளை யாம் உணராது கிளிபோல் ஒப்பித்ததனைக் கண்டு, அவ்வொரு செய்யுளிலேயே ஒரு திங்கள் எம்மை நிறுத்திவிட்டனர். அத் திங்கள் முழுதும் எமக்குண்டான வெட்கம் இன்னும் நினைவிலுளது, அச்செய்யுளும் நினைவிலுளது.

செருமானிய நாட்டு எபிங்காசு என்பார் 1885-ஆம் ஆண்டில் நினைவைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். பொருளில்லாத அசைகளைக் கோவைகளாக்கித் தாமே மனப்பாடஞ் செய்து, இடையிட்டு மீளக் கற்று, எத்துணை உழைப்பு மிச்சப்படுகின்றது என்பது கொண்டு மறதியை அளந்தவர் அவர். ஒருநாள் கழிந்தபின் மிச்சமாயது முதலுழைப்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே. அசைகள் பொருளற்றன என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தொடர்பின்றி வந்து தொடர்பின்றிப் போகும் செய்தியும், மெய்யாயினும், உள்ளத்திற்கு அவ்வசைபோல்வதே. எம் பேரனை ஒருநாள், பத்து நாளின் முன் எழுதியது யாது என்று வினவினேம். விழித்தனன், பின் நோட்டுப்புத்தகத்தை எடுக்க ஓடினன். அறிவு புத்தகத்தில் இருந்தது.

அவனை நோக்கி நகைக்க வாயெடுத்தேம். அப்பொழுது எமக்குப் பழையதொரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நகை எழவில்லை. அதனைச் சொல்லாதொழியின் இக்கட்டுரை எழுதியதற்குப் பயனில்லை ஆதலின் கூசாது சொல்லுகின்றேம்.

சில யாண்டுகளின் முன், எம் ஊரில் நெற்கடை வைத்து வாழ்ந்த முதியவர் ஒருவர்க்கு ஒரே மகன் இறந்துபோயினன். இளைஞன், நோய் வந்து பத்து நாளிற் போயினன். பதினாறாம் நாள் கழிந்தபின் அம்முதியவர் எம்மை நாடி வந்தனர். அமரச் சொல்லியும் அமர்ந்திலர். தூணைப் பற்றிக்கொண்டு நின்று, "ஐயா, நீங்கள் சாத்திரம் படித்தவர்கள். நான் அழுகிறது என் பிள்ளைக்கு இப்போது தெரியுமா?" என்று கேட்டனர்.

யாம் விடை கூறினேம். தூலவுடம்பு நீங்கிய உயிர் சூக்கும உடம்போடு செல்லும் என்றேம். அவ்வுடம்பு புரியட்டகம் எனப்படும் என்றேம். ஓசை, ஊறு, ஒளி, சுவை, நாற்றம் என்னும் தன்மாத்திரை ஐந்தும், மனமும் புத்தியும் அகங்காரமும் கூட அவை எட்டாம் என்று விரலை மடக்கி எண்ணிக் காட்டினேம். தடையின்றி ஒழுகிற்று எம் உரை. அதில் ஒரு பிழையும் இல்லை. இன்று நினைந்து பார்ப்பினும் இல்லை. அவர் முழுதுங் கேட்டுக் கைகூப்பினர். "எண்ணிக்கையெல்லாம் நன்றாகச் சொன்னீர்கள், ஐயா" என்றார். படியிறங்கிப் போயினர்.

எள்ளற்குறிப்பு அச்சொல்லில் இல்லை. அவர் எள்ளத் தெரியாதவர். இருந்திருப்பின் யாம் மறந்திருப்பேம்.

புரியட்டகம் எட்டு என்பதும், தத்துவம் முப்பத்தாறு என்பதும், ஆக்டோபஸுக்கு இதயம் மூன்று என்பதும் அன்று எம் வாயில் ஓரினத்தனவாகவே இருந்தன என்பதனை உணர எமக்குப் பலநாட் சென்றன. நண்பர் சினந்தாலுஞ் சொல்லுவேம்: பாசஞானம் என்பது செய்தியின் இனத்தைப் பற்றியதன்று, உயிர் அதனிடத்து நிற்கும் நிலையைப் பற்றியது. தசகாரியத்தில் தத்துவரூபம் வேறு, தத்துவதரிசனம் வேறு, தத்துவசுத்தி வேறு என்று ஓதி வைத்தமைக்குக் காரணம் இதுவன்றி வேறில்லை. தத்துவங்களின் பெயரும் தொழிலும் இன்ன என அறிதல் முதற்படியின் புறவாயில். அவற்றைத் தன்னின் வேறாகக் கண்டு, அவை தானல்ல என நீங்குதலன்றோ மேற்படிகள்? எண்ணைச் சொல்லி நின்றுவிடுவான், சாத்திரத்தின் சொல்லை ஒப்பித்தானேனும், நாளொரு செய்தி நோட்டுப்புத்தகத்தையே கையில் ஏந்தியிருக்கின்றான். ஒரு வேற்றுமை: பேரனது புத்தகம் அரையணாப் பெருமையும் அவனுக்குத் தந்ததில்லை, எமது புத்தகம் எமக்குப் பொன்னாடைகள் தந்தது.

இனி, பேரன் கொணர்ந்த செய்திகளுள் ஒன்று எம்மை விட்டு நீங்காது நின்றமையைக் கூறுதும். ஞாயிற்றின் ஒளி நம்மை வந்து சேர 8 நிமிடமும் 20 விநாடியும் செல்லும் என்பது அச்செய்தி. ஞாயிறு ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர்த் தொலைவிலுளது, ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும், வகுத்துக் காண்க. "தாத்தா, நீங்கள் கும்பிடுகிற சூரியன் எட்டு நிமிடத்துக்கு முந்தின சூரியன்" என்றான் அவன்.

அன்று மறுசெய்தி வேண்டா என்று சொல்லிவிட்டேம். மறுநாளும் வேண்டா என்றேம். ஒளி செல்லுதற்குக் காலம் வேண்டும் என்பதனைக் கண்டவர் யாவர் என்று தேடியறிந்து அவனுக்குச் சொன்னேம். தென்மார்க்கு நாட்டினராகிய ரோமர் என்பார் பாரிசு நகரில் இருந்து வியாழனது துணைக்கோள் ஒன்றன் கிரகணங்களைக் கணித்து வந்தனர். நிலவுலகம் வியாழனுக்கு அணிமையில் உள்ளபொழுது கிரகணம் முந்தியும், சேய்மையில் உள்ளபொழுது பிந்தியும் காணப்பட்டது. சில நிமிடங்களின் வேறுபாடு அது. பிறர் கணக்கின் பிழையென்று கழித்துவிடத் தக்கது. அவர் அவ்வாறு கழியாது, பல யாண்டின் கணக்குகளை ஒப்புநோக்கி, ஒளியே காலந்தாழ்த்து வருகின்றது என்று 1676-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அவர் கொண்ட அளவு பின்னையோரால் திருத்தப்பட்டது; கருத்துத் திருத்தப்படவில்லை. பள்ளி முற்றத்தில் ஒரு நொடியிற் சொல்லி முடிக்கப்பட்ட செய்தி, ஒருவர் பல்லாண்டு சிந்தித்துத் தெளிந்ததன் உமி. உமியை மட்டும் நாளொரு கைப்பிடி கொடுத்து நெல் கொடுத்தேம் என்று நினைக்கின்றோம்.

இதனையே பற்றி ஒரு திங்கள் சென்றது. இளமையில் யாம் தருக்கம் பயின்றபொழுது, கண்ணின் ஒளிக்கதிர் புறஞ்சென்று பொருளைப் பற்றும் என்று நையாயிகர் கூறுவதனைப் பாடங் கேட்டேம், ஐயுறாது ஒப்பித்தேம். இக்காலத்து இயற்பியலார் கொள்வதோ மறுதலை. கண் எங்குஞ் செல்லுவதில்லை; ஒளி வருகின்றது. வந்தாலன்றிக் கண் ஒன்றும் செய்யவல்லதன்று. யான் கண்டேன் என்று கண் தருக்குதற்கு எட்டு நிமிடம் முன்னரே ஒளி புறப்பட்டுவிட்டது. கண்ணும் ஞாயிறும் என்னும் உவமையை நம் நூல்களிற் பன்முறை பயின்றிருந்தும், அறிவித்தாலன்றி அறியாதது உயிர் என்பதனை யாம் அன்றுபோல் உடல் சிலிர்க்க முன்னர் உணர்ந்ததில்லை. ஈண்டு ஒன்று சொல்லல் வேண்டும். இதனைக் கொண்டு விஞ்ஞானம் சித்தாந்தத்தை நிறுவிற்று என்று முழங்குவார் உளராயின், யாம் அவரொடு கூடேம். இன்று நிறுவியதனை நாளை அவர் திருத்தக்கூடும். அதனோடு நம் கொள்கையும் சாயவேண்டுவதில்லை. யாம் கூறுவது, சிறிய செய்தியொன்று நம்பால் நிற்க இடம்பெற்றபொழுது செய்த உதவியையே.

மறதியும் அவ்வாறே உதவிற்று. நேற்று அறிந்தது இன்று இல்லையாவதும், எவரேனும் நினைப்பித்தவழி மீள விளங்குவதும், உயிர் தானே அறிவதன்று என்பதற்கு நாடோறும் கிடைக்கும் சான்று அல்லவோ? எபிங்காசு அளந்தது அசைகளின் மறதியை. அவ்வளவையுள் எமது தருக்கும் அடங்கிற்று.

அத் திங்கள் முடிவில் நெற்கடை முதியவரைக் காணச் சென்றேம். கடை இப்பொழுது இல்லை, தளர்ந்திருந்தனர். "அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நான் விடை சொல்லவில்லை" என்றேம். சிறிது நேரம் எம்மைப் பார்த்தனர். "அதற்கென்ன ஐயா, உட்காருங்கள்" என்றார். உட்கார்ந்தேம். மகனைப்பற்றி அவர் பேசினர்; அவன் சிறுவயதிற் கண்மாயில் விழுந்தெழுந்தது, கணக்கில் வல்லவனாயிருந்தது, வெற்றிலை போட்டதற்கு அடிவாங்கியது. விளக்கேற்றும் பொழுதுவரை கேட்டிருந்தேம். எட்டும் முப்பத்தாறும் எம் நாவில் வரவில்லை. அவர் வினாவிற்கு விடை அப்பொழுதும் கூறினேமல்லேம்.

நண்பர் இன்னும் உடன்பட்டிலர். திங்களுக்கு ஒன்று என்னும் யாம் வகுத்த அளவு மறைமுகமாகத் தம் கட்சிக்கே வந்து சேர்தலாம் என்கின்றனர். இருக்கலாம். பேரனோ வேறுவகையிற் குறைப்பட்டனன்: பள்ளியில் எல்லாரும் நாளொன்று சொல்ல, தான் பழையதனையே எத்தனை நாள் வைத்துக்கொண்டிருப்பது என்று. பள்ளியிற் சொல்லுதற்கு நாளொன்று எழுதிக்கொள்க, திண்ணைக்கு அவற்றுள் திங்களுக்கு ஒன்று கொணர்க என்று இசைவித்தேம்.

சென்ற கிழமை அவன் புதியது ஒன்றுங் கொணராது வந்து அமர்ந்தனன். நெடுநேரம் வாளா இருந்தனன். பின், "தாத்தா, சூரியன் இந்த நிமிடமே அணைந்துபோனால் எட்டு நிமிடம் நமக்குத் தெரியாதா?" என்றான். தெரியாது என்றேம். "அப்படியானால் இப்போது இருக்கிறதென்று எதை வைத்துச் சொல்கிறோம்?" என்றான்.

அனுமானம் என்று சொல்ல வாய் திறந்து, அதன் உறுப்புகள் ஐந்து என எண்ணத் தொடங்குமுன் நிறுத்திக்கொண்டேம். இருவரும் அவ்வினாவினோடு இருக்கின்றேம்.